கழுவிப் போவதற்கு எவ்வளவு கொடுக்கலாம்?

ஷாம்பு போட்டுக் குளிக்கும்போது அது தலையில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று ஒருநாள் மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். நாற்பது நொடி. சோப்பு அதைவிடக் குறைவு. தேய்த்த கையோடு தண்ணீர் ஊற்றினால் வடிகாலுக்குப் போய்விடுகிறது. விலை உயர்ந்த ஷாம்பும் சோப்பும் வாங்குவது தகுமா என்று யார் கேட்டாலும் நான் இந்தக் கணக்கில் இருந்துதான் தொடங்குவேன். ஒரு பொருள் உடம்பில் தங்கும் நேரத்தைப் பொறுத்துத்தான் அதில் இருக்கும் நல்ல சரக்கு வேலை செய்ய முடியும். நாற்பது நொடிக்குள் அது என்ன செய்துவிடும்? அழுக்கை எடுக்கும். அந்த வேலையை மலிவான பாட்டிலும் நன்றாகவே செய்கிறது.

இதோடு முடிந்துவிட்டால் கட்டுரையே தேவையில்லை. கூடுதல் காசு கொடுத்தால் உண்மையிலேயே பலன் தரும் இடங்களும் சில உண்டு. எது எந்தப் பக்கம் என்று பிரித்துப் பார்க்க, பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் போதும். வேதியியல் படித்திருக்க வேண்டியதில்லை.

பாட்டிலுக்குள் இருப்பது

எந்த ஷாம்பை எடுத்தாலும் அதில் பெரும்பகுதி தண்ணீர்தான். லேபிளில் முதல் பெயராக அதுதான் இருக்கும். அடுத்து வருவது அழுக்கை எடுக்கும் சரக்கு. தொழிலில் இதை சர்ஃபாக்டன்ட் என்பார்கள். இதன் மூலக்கூறுக்கு இரண்டு முனைகள்: ஒன்று தண்ணீரோடு சேரும், மற்றொன்று எண்ணெயோடு சேரும். எண்ணெய் முனைகள் தலையில் இருக்கும் பிசுக்கைச் சூழ்ந்துகொள்ள, தண்ணீர் முனைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, பிசுக்கு ஒரு சின்ன உருண்டையாகித் தண்ணீரோடு ஓடிவிடுகிறது. ஷாம்பு, சோப்பு, பாத்திரம் கழுவும் திரவம் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்.

ஷாம்பில் மிகவும் புழங்கும் சர்ஃபாக்டன்ட் சோடியம் லாரெத் சல்ஃபேட். அதன் கடுமையைத் தணிக்கக் கூடவே கோகாமிடோபுரோப்பைல் பீட்டைன் என்ற இன்னொன்றைச் சேர்ப்பார்கள். இந்த ஜோடியை மலிவான பாட்டிலிலும் பார்க்கலாம், சலூனில் மட்டும் விற்கும் பாட்டிலிலும் பார்க்கலாம். மிச்சம் இருப்பவை: கெட்டுப்போகாமல் இருக்க ஒரு பாதுகாப்புப் பொருள், அமிலத் தன்மையைச் சரிசெய்யக் கொஞ்சம் சிட்ரிக் அமிலம், நிறம், மணம். ஷாம்பு கொழகொழவென்று கெட்டியாக இருந்தால் தரமானது என்று நினைப்பவர்கள் உண்டு. பெரும்பாலான ஷாம்புகளில் அந்தக் கெட்டித்தன்மையைத் தருவது சாதாரண உப்பு. சோடியம் குளோரைடு என்று லேபிளிலேயே போட்டிருப்பார்கள்.

நுரையும் அப்படித்தான். நிறைய நுரைத்தால் நிறையச் சுத்தமாகிறது என்பது நம் கண் நமக்குச் சொல்லும் பொய். நுரை வேறு, அழுக்கு நீங்குவது வேறு. நுரை குறைவாக வரும் சர்ஃபாக்டன்ட்களும் ஒழுங்காகவே சுத்தம் செய்கின்றன. ஆனால் நுரை வரவில்லை என்றால் நாம் இன்னும் ஒரு கை ஊற்றிவிடுவோம் என்பதால் நிறுவனங்கள் நுரையைக் கூட்டுகின்றன.

இன்னொரு விஷயம். மலிவான வகையும் ஆடம்பர வகையும் பல சமயம் ஒரே நிறுவனத்தின் கையில் இருப்பவை. கார்னியரும் லோரியாலுடையது, சலூன்களில் விற்கும் கெராஸ்டாஸும் லோரியாலுடையது. இரண்டும் ஒரே சரக்கு என்று இதற்கு அர்த்தமில்லை, செய்முறைகள் வேறுவேறு. ஆனால் ஒரே குடும்பத்துக்குள் அறிவு பூட்டி வைக்கப்படுவதில்லை. மேல்தட்டு வகையில் வெற்றி பெற்ற ஒரு சரக்கு, சில ஆண்டுகளில் கீழ்த்தட்டு வகையிலும் தலைகாட்டும்.

சோப்பில் விலையைவிட வகை முக்கியம்

சோப்பு விஷயத்தில் பலரும் தவறவிடும் ஒன்று இருக்கிறது. கடையில் சோப்பு என்று கட்டியாக அடுக்கி வைத்திருப்பதில் இரண்டு வேறு சாதிகள் உண்டு. ஒன்று, அசல் சோப்பு. கொழுப்பு அல்லது எண்ணெயைக் காஸ்டிக் சோடாவோடு வினைபுரிய வைத்தால் சோப்பும் கிளிசரினும் கிடைக்கும். இது மிகப் பழைய தொழில்நுட்பம். இப்படிச் செய்யப்படும் எந்தச் சோப்பும் காரத்தன்மை கொண்டது. அமிலமா காரமா என்று சொல்லும் பிஎச் அளவு (7 நடுநிலை, கீழே அமிலம், மேலே காரம்) அதற்கு 9 முதல் 10 வரை இருக்கும். நம் தோலின் மேற்பரப்போ லேசான அமிலம், ஏறத்தாழ 5. ஒவ்வொரு முறை சோப்புப் போடும்போதும் தோலின் அளவு மேலே ஏறிவிட்டு, மெல்லப் பழைய நிலைக்குத் திரும்புகிறது. தோல் நன்றாக இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயமே இல்லை. வறண்ட தோல், எக்ஸிமா என்ற தோல் அழற்சி உள்ளவர்களுக்கு இது எரிச்சலாகவும் அரிப்பாகவும் தெரியும்.

இரண்டாவது சாதி, சின்டெட் கட்டி. செயற்கைச் சர்ஃபாக்டன்ட்டைக் கட்டியாக அழுத்திச் செய்தது. லேபிளில் சோடியம் கோகோயில் ஐசெதியோனேட் என்ற பெயர் முதல் இடத்தில் இருந்தால் அது பெரும்பாலும் இந்த வகை. பிஎச் அளவு தோலுக்கு நெருக்கமாக வைக்கப்பட்டிருக்கும், தோலை அவ்வளவாக உலர்த்தாது. இது அசல் சோப்பைவிடக் கொஞ்சம் விலை கூடுதலாக இருக்கலாம். வறண்ட தோல்காரர்கள் அந்த வித்தியாசத்தைத் தாராளமாகக் கொடுக்கலாம். உறையில் சோப்பு என்று எழுதாமல் 'குளியல் கட்டி', 'அழகுக் கட்டி' என்று ஏதாவது எழுதியிருந்தால், பல சமயம் காரணம் இதுதான்.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். மிக விலை உயர்ந்த கைவினைச் சோப்புகளில் பெரும்பாலானவை முதல் சாதி. நல்ல எண்ணெய், வெளியே எடுக்காமல் விட்ட கிளிசரின், மேலே தூவிய உலர்ந்த பூ எல்லாம் இருக்கும். கிளிசரின் ஓரளவு கைகொடுக்கும் என்பது உண்மை. ஆனால் அதன் பிஎச் இன்னும் 9 தான். 'இயற்கை' என்ற சொல் காரத்தைக் குறைத்துவிடாது. மென்மை வேண்டும் என்று கூடுதல் காசு கொடுப்பவர், மருந்துக் கடையில் கிடைக்கும் வாசனையில்லாத சின்டெட் கட்டியைத் தாண்டிப் போகிறார். அழகுக்காகவும் பரிசாகக் கொடுக்கவும் வாங்குவது வேறு கதை. அதற்கு நான் எதிரியில்லை.

அசல் சோப்புகளுக்குள்ளேயே ஒப்பிட வேண்டுமானால் டி.எஃப்.எம். என்ற எண் உதவும். கட்டியில் மொத்தக் கொழுப்புப் பொருள் எத்தனை சதவீதம் என்பதை அது சொல்கிறது. எண் கூடினால் கட்டியில் சோப்பு அதிகம், நிரப்புப் பொருள் குறைவு. சீக்கிரம் கரைந்து கூழாகாது. எல்லா உறைகளிலும் இது அச்சிடப்படுவதில்லை. இருந்தால் விளம்பர வாசகத்தைவிட அந்த எண்ணைப் படியுங்கள்.

கிருமிநாசினிச் சோப்புக்குக் கூடுதல் விலை கொடுப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2016 செப்டம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், டிரைக்ளோசான் உட்பட 19 கிருமிநாசினிப் பொருள்களை வீட்டு உபயோகக் கைகழுவும் சோப்புகளிலும் உடல் சோப்புகளிலும் விற்கத் தடை விதித்தது. சாதாரணச் சோப்பும் தண்ணீரும் தருவதைவிட நல்ல பலன் கிடைக்கிறது என்பதையும், நீண்ட காலம் பயன்படுத்தினால் ஆபத்தில்லை என்பதையும் நிறுவனங்களால் நிரூபிக்க முடியவில்லை என்பதுதான் காரணம். சோப்பு கிருமிகளைத் தோலில் இருந்து பெயர்த்து எடுத்துக் கழுவி விடுகிறது, சிலவற்றின் கொழுப்பு உறையையும் உடைத்துவிடுகிறது. வீட்டுக்கு அது போதும்.

அப்புறம், வீட்டுக்கு வரும் தண்ணீர் உப்புத்தண்ணீராக இருந்தால் எந்த விலைச் சோப்பும் தோற்கும். தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் அசல் சோப்போடு சேர்ந்து கரையாத வெள்ளைப் படிவாகின்றன. வாளி விளிம்பில் ஒட்டுவதும் தோலில் பிசுபிசுப்பாக நிற்பதும் அதுதான். இங்கேயும் சின்டெட் வகைக்குத்தான் வெற்றி.

முடிக்கு உயிர் இல்லை

வெளியே தெரியும் முடி செத்த பொருள். கெராட்டின் என்ற புரதத்தால் ஆன இழை, அவ்வளவுதான். உயிரோடு இருப்பது தோலுக்குள் புதைந்திருக்கும் வேர் மட்டும். முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. முப்பது சென்டிமீட்டர் முடியின் நுனி இரண்டரை ஆண்டுப் பழசு என்று அர்த்தம். அத்தனை நாள் வெயில், சீப்பு, தலையணை உரசல் எல்லாம் தாங்கிய துணி மாதிரி அது. கிழிந்த துணிக்கு விட்டமின் கொடுத்தால் கிழிசல் மூடாது. முடிக்கு ஊட்டம் தரும் ஷாம்பு என்று எழுதியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். ஊட்டத்தை வாங்கிக்கொள்ள அங்கே உயிருள்ள செல் ஏதும் இல்லை.

அப்படியானால் முடிப் பொருள் எதுவுமே உதவாதா? உதவும், துணிக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி போடுகிற மாதிரி உதவும். முடி இழையின் மேற்புறம், ஓடு வேய்ந்த கூரை போல ஒன்றின் மேல் ஒன்றாகச் செதில்களால் மூடப்பட்டிருக்கிறது. புது முடியில் அந்தச் செதில்களின் மேல் ஒரு மெல்லிய கொழுப்புப் படலம் ஒட்டியிருக்கும். ப்ளீச் அதை உரித்துவிடும். வெயிலும் வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடும். படலம் போன இடத்தில் செதில்கள் தூக்கிக்கொள்கின்றன, முடி சொரசொரப்பாகிறது, சிக்கு விழுகிறது. அந்த இடங்களில் எதிர் மின்னேற்றமும் கூடிவிடும்.

கண்டிஷனரின் சூட்சுமம் இங்கேதான். அதில் இருக்கும் பெஹென்ட்ரைமோனியம் குளோரைடு, செட்ரைமோனியம் குளோரைடு போன்றவை நேர் மின்னேற்றம் கொண்டவை. சேதமான இடத்தைத் தேடிப் போய் அவையே ஒட்டிக்கொள்கின்றன. கூடவே இருக்கும் செட்டைல் ஆல்கஹால், ஸ்டீரைல் ஆல்கஹால் ஆகியவை மெழுகு மாதிரி வழவழப்பைத் தருகின்றன. ஆல்கஹால் என்ற பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இவை முடியை உலர்த்துபவை அல்ல. டைமெத்திகோன் போன்ற சிலிக்கோன்கள் மேலே மெல்லிய பூச்சாக நின்று பளபளப்பைக் கொடுக்கின்றன. முடி மூச்சுத் திணறும் என்கிறார்கள். செத்த இழைக்கு ஏது மூச்சு?

கவனியுங்கள்: கழுவிய பிறகும் முடியில் தங்குவது கண்டிஷனர். ஷாம்பு எடுக்க வந்தது, கண்டிஷனர் ஒட்ட வந்தது. கையில் இருக்கும் காசைப் பிரிக்க வேண்டும் என்றால், ஷாம்பில் மிச்சம் பிடித்து கண்டிஷனருக்கோ கழுவாமல் விடும் சீரத்துக்கோ போடுவேன். அங்கேயும் நான் மேலே சொன்ன பெயர்கள் நடுத்தர விலைப் பாட்டில்களில் தாராளமாகவே கிடைக்கின்றன. குளிப்பதற்கு முன் எண்ணெய் தடவுவதும் இதே தங்கும் கணக்கில்தான் வருகிறது. 2003-இல் வெளியான ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டார்கள். முடியில் இருந்து புரதம் வெளியேறுவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். அதில் நிறைந்திருக்கும் லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறிதாகவும் நேராகவும் இருப்பதால் இழைக்குள் நுழைய முடிகிறது என்பது அதற்குச் சொல்லப்பட்ட விளக்கம்.

லேபிளில் ஒரு கோடு

லேபிளின் பின்பக்கத்தைப் படிக்க ஒரு குறுக்கு வழி உண்டு. சேர்மானங்களை எடை அதிகமானதில் இருந்து குறைவானதற்கு என்ற வரிசையில் எழுத வேண்டும் என்பது பல நாடுகளில் விதி. ஆனால் ஒரு சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டால் எந்த வரிசையிலும் எழுதிக்கொள்ளலாம். அந்த ஒரு சதவீதக் கோடு எங்கே விழுகிறது? ஃபீனாக்ஸிஎத்தனால் என்ற பெயரைத் தேடுங்கள். பரவலாகப் புழங்கும் பாதுகாப்புப் பொருள் அது. ஐரோப்பிய விதிப்படி ஒரு சதவீதத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது. அதற்குப் பின்னால் எழுதியிருப்பவை எல்லாம் ஒரு சதவீதமோ அதற்கும் கீழோதான்.

இப்போது முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் ஆர்கன் எண்ணெயோ, பட்டுப் புரதமோ, முத்துப் பொடியோ, தங்கத் துகளோ அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். பல சமயம் மணப்பொருளுக்கும் கீழே, கடைசி வரியில் ஒடுங்கியிருக்கும். தொழிலில் இதற்கு ஏஞ்சல் டஸ்டிங் என்று பெயர்; தேவதை வந்து ஒரு சிட்டிகை தூவிவிட்டுப் போன மாதிரி. பெயரைப் போட்டுக்கொள்ள மட்டுமே சேர்ப்பது. சில சரக்குகளுக்கு ஒரு சதவீதத்துக்குக் கீழேயும் வேலை செய்யும் திறன் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். கழுவிப் போகும் ஷாம்பில் கிடக்கும் பயோட்டின் என்ற விட்டமின் அந்தக் கூட்டத்தில் இல்லை.

கொலாஜன் போட்ட சோப்பும் அப்படியே. தோலுக்குள் ஊடுருவ ஒரு மூலக்கூறின் எடை ஏறத்தாழ 500 டால்டனுக்குள் இருக்க வேண்டும் என்று 2000-இல் தோல் மருத்துவ ஆய்வாளர்கள் ஒரு வரம்பைச் சொன்னார்கள். முழுக் கொலாஜன் மூலக்கூறின் எடை ஏறத்தாழ மூன்று லட்சம் டால்டன். சாவித்துவாரத்தின் வழியாக யானையை அனுப்பும் வேலை.

சல்ஃபேட் இல்லாதது என்ற வாசகத்துக்கும் தனி விலை வைக்கிறார்கள். சல்ஃபேட் சிலருக்கு எரிச்சல் தரலாம் என்பது உண்மை. புற்றுநோய் தரும் என்பது வதந்தி. சல்ஃபேட்டை எடுத்துவிட்டு அதன் இடத்தில் சோடியம் ஒலிஃபின் சல்ஃபோனேட்டைப் போட்டிருந்தால், பெயர் மாறியதே தவிர கடுமை பெரிதாகக் குறையவில்லை. ஒவ்வாமை தராதது என்று பொருள்படும் ஹைப்போஅலர்ஜெனிக் என்ற சொல்லுக்கு அமெரிக்காவில் சட்டப்படி வரையறையே இல்லை. ஒவ்வாமைதான் பிரச்சினை என்றால் வாசனை சேர்க்காதது என்ற சொல்லைத் தேடுங்கள். மணப்பொருள்தான் அடிக்கடி தோலைக் கிளறிவிடும் சேர்மானங்களில் ஒன்று. ஆடம்பர வகையில் மணம் தூக்கலாக இருந்தால், தோல் பிரச்சினை உள்ளவருக்கு அது கூடுதல் தொல்லை.

எங்கே கொடுக்கலாம்

பொடுகு இருந்தால் மருந்து சேர்த்த ஷாம்புக்குக் காசு கொடுங்கள். தலையில் வாழும் மலசீசியா என்ற பூஞ்சையோடு தொடர்புடைய பிரச்சினை அது. கீட்டோகோனசோல், செலினியம் சல்ஃபைடு போன்றவை அந்தப் பூஞ்சையை நேரடியாக அடக்குகின்றன. இங்கேயும் தங்கும் நேரம்தான் பேச்சு. நுரைத்து மூன்று முதல் ஐந்து நிமிடம் அப்படியே விட்டுவிட்டுக் கழுவ வேண்டும். நாற்பது நொடியில் கழுவிவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்று திட்டுபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ப்ளீச் செய்த முடிக்கும் ஒரு விதிவிலக்கு உண்டு. இழைக்குள் உடைந்த பிணைப்புகளைச் சேர்ப்பதாகச் சொல்லும் பொருள்கள் 2014 வாக்கில் ஓலாப்ளெக்ஸ் என்ற பிராண்டு வந்த பிறகு பரவின. காப்புரிமை பெற்ற ஒரு மூலக்கூறு அதில் இருக்கிறது, மலிவுப் பாட்டிலில் அதே பொருள் கிடைக்காது. அடிக்கடி நிறம் மாற்றுபவர்கள் யோசிக்கலாம். ப்ளீச் பக்கமே போகாத முடிக்கு அது தேவையில்லாத செலவு.

முடி உதிர்வதற்கு ஷாம்பு வாங்குவதில் எனக்குச் சுத்தமாக உடன்பாடில்லை. காரணம் வேரில், ஹார்மோனில், இரும்புச்சத்தில், தைராய்டில், பரம்பரையில் இருக்கும். பரம்பரை வழுக்கைக்கு 1988-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மினாக்ஸிடில் கூட, தடவிவிட்டுக் கழுவாமல் விட வேண்டிய மருந்து. திடீரென்று கொத்துக் கொத்தாக உதிர்ந்தால் ஷாம்பு அலமாரியை விட்டுவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

அரைத் தலைச் சோதனை

'அதெல்லாம் சரி, எனக்கு அந்த விலை உயர்ந்த பாட்டில்தான் ஒத்துக்கொள்கிறது' என்று சொல்பவர்களோடு நான் சண்டை போடுவதில்லை. ஆனால் விலையே நம் உணர்வை மாற்றிவிடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். 2008-இல் வெளியான ஓர் ஆய்வில் 82 பேருக்கு லேசான மின்னதிர்ச்சி கொடுத்து, வலி மாத்திரை என்று சொல்லி மருந்தே இல்லாத மாத்திரையைக் கொடுத்தார்கள். பாதிப் பேரிடம் வழக்கமான விலையைச் சொன்னார்கள், மீதிப் பேரிடம் தள்ளுபடி விலை என்றார்கள். முதல் பிரிவில் 85 சதவீதம் பேருக்கு வலி குறைந்தது, இரண்டாவதில் 61 சதவீதம் பேருக்கு. வலியே விலையைப் பார்த்துக் குறையும்போது, முடி மிருதுவாகத் தெரிவதில் என்ன ஆச்சரியம்?

முடிப் பொருள் நிறுவனங்கள் தங்கள் சரக்கைச் சோதிக்கும் ஒரு முறையை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். தலையை நடுவகிடு எடுத்துப் பிரித்து, ஒரு பக்கத்துக்கு ஒரு ஷாம்பு, மறுபக்கத்துக்கு வேறு ஷாம்பு. தலை ஒன்றே, தண்ணீர் ஒன்றே, வெயில் ஒன்றே என்பதால் ஒப்பீடு நேர்மையாக இருக்கும். இரண்டையும் ஒரே மாதிரியான வெற்று பாட்டில்களில் வீட்டில் வேறு யாராவது ஊற்றி, 1, 2 என்று எழுதி வைக்கட்டும். எது எது என்று உங்களுக்குத் தெரியக் கூடாது. கண்டிஷனர் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றே. இரண்டு வாரம் கழித்து எந்தப் பக்கம் நன்றாக இருக்கிறது என்று எழுதிவைத்துவிட்டு, அப்புறம் விடையைக் கேளுங்கள்.

நான் செய்தபோது இரண்டாவது வாரம் வரை எந்த வித்தியாசமும் தெரியவில்லை. கடைசியில் இடப்பக்கம் கொஞ்சம் தேவலாம் என்று அரைமனதாக எழுதிவைத்தேன். இடப்பக்கம் போட்டது மலிவானது. மற்ற பாட்டிலில் மல்லிகை வாசனை நன்றாக இருந்ததால், அதையும் தீரும்வரை போட்டுக் குளித்தேன்.